ஸ்பேனர் போதும், ரம்பம் வேண்டாம்

கஃபே ரேசர் என்றால் காபி குடிக்கப் போகிற பைக்கா?
– வாசகி, தஞ்சாவூர்

பிறந்த கதை அப்படித்தான். லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் 1938-ல் திறந்தது ஏஸ் கஃபே. 1950, 60-களில் அங்கே கூடிய இளைஞர்களுக்கு ஒரே லட்சியம், மணிக்கு 100 மைல். அதாவது 160 கிலோமீட்டர். ரேஸ் பைக் வாங்கப் பணம் கிடையாது. வேலைக்குப் போகிற பைக்கிலேயே வேகத்துக்கு உதவாததையெல்லாம் கழற்றினார்கள். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள், ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளினார்கள், ஒற்றை சீட் போட்டார்கள். நார்ட்டன் சேசிஸில் டிரையம்ப் இன்ஜினைப் பொருத்தி, அதற்கு 'டிரைட்டன்' என்று பெயரும் வைத்தார்கள். கூட்டல் தெரிந்தவரைவிடக் கழித்தல் தெரிந்தவருக்கே இந்தக் கலை வசப்படும்.

பழைய பைக் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது? இன்ஜினையா, அழகையா?
– வாசகர், ஈரோடு

ஆர்.சி. புத்தகத்தை. இன்ஜினுக்கு வைத்தியம் உண்டு. போர் போடலாம், பிஸ்டன் மாற்றலாம். பேப்பர் இல்லாத பைக்குக்கு எந்தப் பட்டறையிலும் வைத்தியம் இல்லை. சேசிஸ் நம்பரைத் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங்கோ தெரிந்தால் விலையே பேசாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதையும் பாருங்கள். அடுத்து, பைக்கின் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் வந்தால் சேசிஸ் நேராக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுப்பது அதற்கப்புறம்தான்.

புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100. முதல் முயற்சிக்கு எது?
– கல்லூரி மாணவர், வேலூர்

என் ஓட்டு பழைய புல்லட் 350-க்கு. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி உருவான 346 சிசி இன்ஜின் அது. அதனால் உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும், கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. ஸ்போக் சக்கரம், வட்ட ஹெட்லைட், இரட்டை ஷாக் அப்சார்பர் எல்லாம் ஏற்கெனவே உண்டு. சிக்கல் ஒன்றுதான். பழைய மாடலில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிக்கரும் வலது பக்கமே. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் கொண்டுபோனால் இரண்டு பக்க இணைப்புகளையும் லேத்தில் புதிதாகச் செய்ய வேண்டும், கிக்கரும் இடிக்கும்.

மைசூரில் 1996 வரை தயாரான யெஸ்டியில் கியர் லிவரே கிக்கர். அதில் ஃபுட்ரெஸ்ட்டைத் தொடாதீர்கள். ஹேண்டில்பாரை மட்டும் தாழ்த்தினாலே தோரணை வந்துவிடும்.

ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். உடம்பு லேசு என்பதால் பாய்ச்சல் அதிகம். ஒரிஜினல் பாகங்களோடு கிடைத்தால் அதை அப்படியே ஓட்டுங்கள். ஏற்கெனவே பாகங்கள் மாறிப்போன வண்டியில் உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் ராஜ்தூத் 350 வீட்டில் நிற்கிறது. சேசிஸின் பின்பக்கத்தை வெட்டி கஃபே ரேசர் ஆக்கலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. யமஹா ஆர்டி 350-ஐத் தழுவி 1980-களில் இங்கே தயாரான வண்டி அது. இரட்டை சிலிண்டர், ஆறு கியர். இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. நீங்கள் வெட்டினால் கணக்கில் ஒன்று குறையும். பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிரம் பிரேக்தான் அந்த வண்டியின் வேகத்துக்குப் போதாது, ஆகவே செலவை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் அழகாக இருக்கிறதே?
– வாசகர், நாகர்கோவில்

அழகுதான். ஆனால் காற்று அதிகமாகப் போகும், கார்பரேட்டர் பழைய ஜெட் அளவுக்கே பெட்ரோல் கொடுக்கும். கலவை வறண்டு இன்ஜின் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஓடும்போதே பிடித்துக்கொள்ளும், பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஜெட்டை மாற்றி, ஸ்பார்க் பிளக்கின் நிறம் பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேகம் பிடியுங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா?
– வாசகர், கோவை

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இருவர் இருக்கை என்றிருந்தால் ஒற்றை சீட்கூட கேள்விக்கு உள்ளாகும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 'விண்டேஜ்' பதிவும் கைகொடுக்காது. அதற்கு வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். எதைச் செய்யும் முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்களேன்!
– வாசகி, திருச்சி

பேப்பர் சுத்தம், சேசிஸ் நேர், உதிரி பாகம் தாராளம், இந்த மூன்றும் உள்ள பைக்கை வாங்குங்கள். போல்ட்டைத் திருகிப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதிப் பரணில் வையுங்கள். நாளை அந்த வண்டியை வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.