ஃபார்மட் அடிச்சிடலாம் சார்

இதைப் பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் எதிரில்தான் இருக்கிறது, ஆன் ஆகித்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டது, டெஸ்க்டாப்பைத் திறந்தது, வால்பேப்பரில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைக் காட்டியது, அதோடு சரி. மவுஸ் அம்பு மலை உச்சிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. திரையின் மேல்பட்டையில் மணி 7.42. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாகப் போகிறது. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. எரிந்தால் திரைக்குத்தான் ஏதோ கோளாறு, எரியாவிட்டால் கெர்னலே கண்ணை மூடிவிட்டது என்று லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நாளாக இதே கதை. லாகின் திரையிலேயே விட்டுவிட்டால் நாள் முழுக்கச் சமர்த்தாக இருக்கிறது. உள்ளே போன ஓரிரு நிமிஷத்தில் உறைந்துவிடுகிறது. ஏன் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் போன வாரம் செஞ்சியில் நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊர் தளவானூரிலிருந்து பஸ்ஸில், சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரீசார்ஜ், ஜெராக்ஸ், பான் கார்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் ஒரே ஷட்டருக்குள் நடக்கிற கடை. “தம்பி, லாகின் ஆனதும்...” என்று ஆரம்பித்தேன்.

“ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.”

“இருப்பா, முழுசாக் கேளு. இது லினக்ஸு...”

“அப்ப கண்டிப்பா ஃபார்மட்தான் சார். விண்டோஸ் போட்டுத் தர்றேன். சாயந்திரம் வந்து வாங்கிக்குங்க.”

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணுக்குப் பிரின்டர் வேலை செய்யவில்லை. அதற்கும் அதுதான். அவருக்குப் பின்னால் நின்றவருக்கு வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அதற்கும் அதுதான். பவர் பட்டன் உள்ளே அமுங்கி வெளியே வராமல் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “பாக்கலாம் சார், மொதல்ல ஃபார்மட் அடிச்சிடுவோம்” என்றான். கேலி செய்கிறேன் என்பதுகூடத் தெரியாத அளவுக்கு அவனுக்கு அந்த மருந்தின் மேல் நம்பிக்கை.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். நம் சென்னை சிடாக் நிறுவனத்தில் டெபியனை வைத்துச் செய்தது. அரசாங்கமே லினக்ஸை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தது என்றால் சும்மாவா? பையன்கள் என்ன செய்தார்கள்? பள்ளிக்கூட மைதானத்தில் வாங்கிய பெட்டியை நேராகப் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கொண்டுபோனார்கள். “அண்ணா, இதுல என்னமோ வேற ஒண்ணு வருது.” “ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி.” எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் பாஸ் லினக்ஸின் ஆயுசு மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து இதை வளைத்தார். 1698-இல்தான் பிடித்தார். கடைப் பையன் அவர் பாசறையில் இருந்திருந்தால் முதல் நாளே ராஜகிரி அடிவாரத்தில் வைத்துச் சொல்லியிருப்பான்: “கான் சாகிப், இதைப் போய் எட்டு வருஷம் டிரபிள்ஷூட் பண்ணிக்கிட்டு? ஃபார்மட் அடிச்சிட்டு வேற கோட்டை போட்டுடலாம்.” அந்த எட்டு வருஷத்தில் சுல்பிகார் கான் பட்ட பாடு எனக்கு நன்றாகவே புரிகிறது. கடைசியில் கோட்டை விழுந்தபோது உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம் இல்லை, அவர் முன்னாலேயே நழுவிவிட்டார். லாக் ஃபைலைத் திறந்து பார்க்கிறவனுக்கும் இதுவேதான் கதி.

எங்கள் ஊர்க் குகைக் கோயிலையாவது விட்டுவைத்தேனா? முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம். ஏழாம் நூற்றாண்டு வேலை. இதே மகேந்திரன்தான் மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனவன். பேக்கப்பும் இல்லாமல் என்று சேர்த்திருக்கலாம். கல்லில் அன்டூ கிடையாது. வாசலில் நிற்கும் துவாரபாலகர் மூக்கில் உளி ஒரு நூல் தவறியிருந்தால் கல்தச்சன் உட்கார்ந்து யோசித்திருப்பான். நம் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால்? “மன்னா, மலையை ஃபார்மட் அடிச்சிடலாம்.” மகர தோரணம் பாதி முடிந்திருக்கும்போது இதைச் சொல்லியிருப்பான். விசித்திரசித்தன் என்று பட்டம் வைத்துக்கொண்ட ராஜா, கேலி நாடகமெல்லாம் எழுதியவன், சிரித்துவிட்டு விட்டிருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் வேண்டாம், கோளாறு போனால் போதும் என்கிற இந்தப் புத்தி எனக்கு ஆகவே ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். “எந்த டிஸ்ட்ரோ மாமா?” என்றான். சொன்னேன். “அதான் பிரச்சனை. வேற டிஸ்ட்ரோ போடுங்க.” இது படித்தவர்களின் ஃபார்மட். பிறகு மனசு இளகி, போன தடவை பூட் ஆனபோது பதிவான லாக்கைப் பார்க்கச் சொன்னான். “ஜர்னல்சிடிஎல், இடைவெளி, கழித்தல் பி, இடைவெளி, கழித்தல் ஒன்று.” கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் அடித்தேன். கறுப்புத் திரை ஒரு நாளும் உறைவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக்கில் சிவப்பாக எத்தனை வரி! ஏசிபிஐ பிழை என்று ஒன்று. அது நன்றாக ஓடுகிற பெட்டியிலும் வரும். புளூடூத் தோற்றது என்று ஒன்று. என் பெட்டியில் புளூடூத்தே கிடையாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். “ஜாதகம் பாக்கறவருகூட பத்து மணிக்குக் கடையைச் சாத்திடறாரு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா விளக்கை அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஜர்னல் சாதாரண வரிகளை உடனுக்குடன் டிஸ்க்கில் இறக்கி உறுதிசெய்யாது. அதற்கு ஐந்து நிமிஷம் வரை எடுத்துக்கொள்ளும், மிகக் கடுமையான பிழை என்றால்தான் அந்தக் கணமே இறக்கும். என் பெட்டி உறைவது ஓரிரு நிமிஷத்தில். எனக்கு வேண்டிய அந்தக் கடைசி வரி மட்டும் எழுதப்படாமலே போகிறது. ராஜாராம் நழுவினார் என்று சொன்னேனே, இதுதான்.

ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று வரிசையாகத் தட்டினால் உறைந்த லினக்ஸ் மரியாதையாக ரீபூட் ஆகும் என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். உபுண்டுவில் அந்தச் சாவிக்கு வைத்திருக்கும் எண் 176. அதாவது பி-க்கு 128, யூ-வுக்கு 32, எஸ்-ஸுக்கு 16. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு எழுத்தில் கடைசி மூன்றுதான் வேலை செய்யும். முதல் மூன்றும் பக்திக்காகத் தட்டுவது. கெர்னலே போய்விட்டால் ஆறும் பக்திதான்.

ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மெம்டெஸ்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழை இல்லை. லாகின் ஆனதும் ஃபைல்களையெல்லாம் அட்டவணை போடக் கிளம்பும் டிராக்கரை நிறுத்தினேன். பே ட்ரெயில் என்று ஒரு வகைச் செயலி லினக்ஸில் இப்படித்தான் உறைந்துகொண்டிருந்தது. கெர்னல் பக்ஜில்லாவில் 2015-இல் பதிவான 109051-ஆம் எண் புகார், அதன் கீழே புலம்பாத தேசத்தார் இல்லை. என்னுடையது அந்த வகை இல்லை. 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினாரே, அந்தக் கார்டும் என்னிடம் இல்லை. காட்ட எனக்குக் கம்பெனியும் இல்லாமல் போய்விட்டது.

கறுப்புத் திரை உறைவதில்லை, படத்திரை உறைகிறது. ஆகவே கிராஃபிக்ஸ் டிரைவர்தான் என்று முடிவு கட்டினேன். அதை ஒதுக்கிவைக்கக் கிரப்பில் நோமோட்செட் என்று சேர்த்து ஏற்றினேன். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தாலும் பெட்டி ஓடியது. நாளெல்லாம் ஓடியது. காரணம் கிடைத்துவிட்டது என்று இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தச் சந்தோஷத்தில்தான். இன்றைக்கு நோமோட்செட்டோடேயே உறைந்துவிட்டது.

மிச்சம் இருப்பது பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். லாகின் ஆனதும் பெட்டி கூடுதலாகக் கரண்டை இழுக்கும், அப்போது அது தள்ளாடினால் எல்லாம் நிற்கும். பக்கத்துக் கொல்லையில் மோட்டார் போட்டால் டியூப் லைட்டே மினுக்கும் ஊரில் அதைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. வேறொன்றை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். கடையில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களில் லினக்ஸ்காரர் யாராவது இருந்தால், நல்ல நிலையில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு அப்படியே தளவானூர் வரை வாருங்கள். ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சத்ருமல்லேஸ்வரத்தை நானே கூட வந்து காட்டுகிறேன். பஸ்ஸில் வருகிறவர்கள் கேபிளை மறந்துவிட வேண்டாம்.