தாரும் தேரும்

கோயம்புத்தூரில் ஒருவன் கெட்டுப்போகச் சாராயக்கடை தேவையில்லை. வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜீப் பட்டறை இருந்தால் போதும். "சும்மா பாத்துட்டு வர்றேன்" என்று போனவன்தான் நான்.

2020 அக்டோபரில் புதிய தார் ஜீப் வந்தபோதே மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தேன். வீட்டில் சம்மதம் வாங்க இரண்டு வருஷம் ஆனது. 'குடும்ப வண்டி' என்றுதான் மனுப் போட்டேன். நாலு பேர் உட்காரலாம் என்று சொன்னேன். பக்கவாட்டில் கதவு இரண்டுதான், பின்னால் போக முன்சீட்டோடு சேர்த்து உடம்பையும் மடக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

பட்டறை அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வண்டி நல்ல வண்டிதாங்ண்ணா. ஆனா, கம்பெனிக்காரன் கொடுத்தபடியே இருக்குது" என்றார். வயசு வந்தும் பிள்ளைக்குக் காது குத்தவில்லையா என்று உறவினர் கேட்கும் தொனி அது. எனக்கு ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் போயிற்று.

தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 226 மில்லிமீட்டர் இடைவெளி கம்பெனியே கொடுத்திருந்தது. எங்கள் தெருப் பள்ளங்களுக்கு அதுவே தாராளம். ஆனாலும் ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தூக்கினோம். 255/65 டயர் போய் 285/65 வந்தது. அதில் இன்னும் இருபது மில்லிமீட்டர். முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச், பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஸ்னார்க்கெல். வெள்ளத்தில் இறங்கினாலும் என்ஜின் மூச்சு விடும். உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வது என்பதற்குப் பட்டறையில் பாகம் இல்லை.

ஆக, வண்டி உயர்ந்தது ஏழு சென்டிமீட்டர். கட்டைவிரல் நீளம்தான். எழுபது வயது முழங்காலுக்கு அது மருதமலை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிய அம்மா, ஒரு கையில் கொசுவத்தையும் மறு கையில் கதவையும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏங் கண்ணு, தாருன்னுதானே சொன்னே? இது தேராட்டல்ல இருக்குது! நான் ஏறோணுமா, வடம் புடிக்கோணுமா?"

மறுநாள் என் மனைவி குளியலறையிலிருந்து நீல பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்தாள். அதன் நடுவிலிருந்த ஓட்டையில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கட்டினாள். அம்மா ஸ்டூலில் கால் வைத்து ஏறுவார். உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்து ஸ்டூலை உள்ளே எடுத்துக்கொள்வார். நான் பல ஆயிரம் கொடுத்து மாட்டிய வின்ச் இன்றுவரை ஒரு பொருளையும் இழுத்ததில்லை. மனைவியின் வின்ச் தினம் இரண்டு முறை வேலை செய்கிறது.

அடுத்த இடி எட்டாம் வகுப்பிலிருந்து வந்தது. "டயர் பெருசானது மீட்டருக்குத் தெரியாதேப்பா" என்றான் மகன். சுற்றளவு ஐந்து சதவீதம் கூடிவிட்டதாம். மீட்டர் 80 என்று காட்டினால் உண்மையில் 84-ல் போகிறோம். எனக்கு அதில் ஒரு லாபம் தெரிந்தது. மனைவியின் டீசல் நோட்டில் லிட்டருக்கு 13 என்றிருந்த மைலேஜ் 10 ஆகியிருந்தது. "கணக்கில் வராத ஐந்து சதவீதத்தைச் சேர்" என்று வாதாடி 10.5 ஆக்கினேன். அரை கிலோமீட்டருக்கு அன்று நான் பட்ட பாடு, வக்கீல்கள் அறிவார்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. முன்பக்க இரும்புக் கம்பிக் காப்புகள் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி. இதை மனைவி சத்தமாக, இரண்டு முறை வாசித்தாள். மாட்டக் கூலி கொடுத்த அதே அண்ணனிடம் பம்பரைக் கழற்றவும் கூலி கொடுத்தேன். "அடிக்கடி வாங்ண்ணா" என்றார்.

இத்தனையும் கொழுக்குமலைக்காக. மலை நம் தேனி மாவட்டம். ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். மேலே 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். உடுமலை, மறையூர், மூணாறு என்று மாவு மில் மாதிரி டயர் இரைய, குடும்பத்தோடு சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். மறுநாள் விடிகாலை நாலு மணிக்குச் சங்கிலி போட்ட இடத்தில் ஒருவர் டார்ச் அடித்தார்.

"வெளி வண்டி போகக் கூடாது சார். உள்ளூர் ஜீப்புதான்."

உள்ளூர் ஜீப்புக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். டயரில் பாதி தேய்ந்திருந்தது. ஓட்டுநர் ரப்பர் செருப்பும் குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார். அம்மா நீல ஸ்டூலில் கால் வைத்து ஏறி, கயிற்றை இழுத்துக்கொண்டார். பாறையும் குழியுமான அந்தப் பாதையில், மனிதர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே எங்கள் ஊர் மழை நிலவரம் விசாரித்தார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இறங்கி வந்ததும் அவர் என் தார் பக்கம் போனார். டயரைத் தட்டினார். தும்பிக்கையை அண்ணாந்து பார்த்தார். டயர் அளவு, ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் பதிலோடு தயாராக நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கயிறு கட்டின ஸ்டூல் எங்க செஞ்சீங்க? என் வண்டியில ஏற வயசானவங்க எல்லாம் கஷ்டப்படுறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முன்னால் போனாள். அவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வண்டி நல்ல வண்டிதானுங்க. ஆனா, கம்பெனிக்காரன் கொடுத்தபடியே இருக்குது."