செருப்புக் காவல்

பாசிக்குடாக் கடற்கரையைச் சீர்படுத்துவது சம்பந்தமாக அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் சிரத்தையுடன் கவனிக்க வேண்டிய ஒரு யோசனை என்னிடம் இருக்கிறது. அதை விஸ்தாரமாக எடுத்துரைக்கும் நோக்கத்துடனேயே எழுத உட்கார்ந்தேன். ஆனால், சென்ற போயா தினத்தன்று அந்தக் கடற்கரையின் உச்சி வெயிலில் நான் வகித்த உத்தியோகத்தின் பலனாகப் பிடரியில் உரியத் தொடங்கிய தோல் இன்னும் உரிந்து தீராத நிலையில், யோசனைக்கு முன்பாக எரிச்சல் முந்திக்கொள்கிறது. அதை முதலில் இறக்கி வைத்துவிட்டு யோசனைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரான கிரானிலிருந்து பாசிக்குடாவுக்கு வானில் போக அதிக நேரம் செல்லாது. வாழைச்சேனைக்குப் போய்க் கல்குடா வீதியில் திரும்பினால் கடல் வந்துவிடும். இந்த அற்பப் பிரயாணத்துக்கு எங்கள் வீட்டார் முதல்நாள் பின்னேரமே தேங்காய் துருவத் தொடங்கி, காலை ஆறு மணிக்குப் புறப்படுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்து, பத்தரை மணிக்கு வானில் ஏறி, பாதி வழியில் திருப்பி வளவுக்கு வந்து மறந்துபோன ஊறுகாய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, சூரியன் நடு உச்சிக்கு வரும் தருணம் பார்த்துக் கடற்கரையில் இறங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதை நான் அறிவேன். ஆகையால் அதை வளர்த்தவில்லை.

மாரி காலத்தில் எங்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. கார்த்திகை, மார்கழியில் மழை கனத்தால் புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அங்கால் பக்கத்துச் சனங்கள் தோணி ஏறித்தான் கிரானுக்கு வந்து சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார்கள். தண்ணீர் தானாகவே எங்களைத் தேடி வந்து, வாசற்படியில் நின்று, போவதற்கு மனமில்லாமல் சில நாட்கள் தங்கியும் செல்லும். அப்பொழுதெல்லாம் தண்ணீரைச் சபிக்கின்ற நாங்கள், வைகாசி பிறந்ததும் வான் பிடித்து, ஐஸ் வாங்கி, அதே தண்ணீரைத் தேடிப் போகிறோம்.

கடலைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பிறைபோல் வளைந்த குடா. வெளியே கிடக்கும் முருகைக்கற் பாறைகள் அலையின் உக்கிரத்தை அங்கேயே முறித்துவிடுவதால் உள்ளே வந்து சேருகின்ற நீர் சொல்வழி கேட்கின்ற நீர். தென்மேற்குப் பருவக்காற்று காலி, மாத்தறைக் கரைகளை அடித்துத் துவைக்கும் மாதங்களில் கிழக்குக்கரை சாந்த சொரூபியாய் இருக்கும். நூறு யார் தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் நனைவதற்குக் குந்த வேண்டும். கைக்குழந்தையையும், நீச்சலின் அரிச்சுவடி அறியாத பெரியப்பாவையும் ஒருசேர இறக்கிவிடத்தக்க சமுத்திரம் அது. அதுதான் வினை. கடல் சாதுவாயிருக்கிறபடியால் எல்லோரும் இறங்குகிறார்கள். எல்லோரும் இறங்குகிறபடியால் கரையில் ஒருவர் இருக்க வேண்டியதாகிறது. முரட்டுக் கடலாயிருந்தால் பாதிப் பேர் கரையிலேயே நின்று தத்தம் செருப்பைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஒருவர் யாரென்று நிர்ணயிக்க எந்தச் சபையும் கூடுவதில்லை. எங்கள் மட்டக்களப்புச் சம்பிரதாயப்படி வீடும் வளவும் பெண்ணுக்குப் போக, மாப்பிள்ளையானவன் அவள் வீட்டுக்குக் குடிவருகிறான். அப்படிக் குடிவந்தவனுக்கு அந்தக் குடும்பத்தில் தனக்கென்று உரித்தான ஸ்தானம் ஏதாவது உண்டா என்று நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த எனக்கு விடை பாசிக்குடாவில் கிடைத்தது. படங்கை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்து நிமிர்வதற்குள், "நீங்க இரிங்க, இந்தா வந்திர்றம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி தண்ணீரை நோக்கி நடந்தாள். புதிதாக வாங்கிய குளியல் காற்சட்டை என் சாறத்துக்கு உள்ளே இருந்தது. அது அங்கேயே இருந்தது.

பிறகு செருப்புகள் வரத் தொடங்கின. முதலில் வீட்டுப் பாட்டாச் செருப்புகள், சோடி பிரிந்தும் கவிழ்ந்தும். அடுத்து, மிதிக்கும்போது சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பிள்ளைகளின் சப்பாத்துகள். அதன் பின், கனடாவிலிருந்து வந்திருக்கும் மச்சாளின் செருப்பு; அதில் மணல் படக்கூடாதாம், ஆகையால் இரண்டு சொப்பின் பைக்குள் சுற்றி என் மடியிலேயே வைக்கப்பட்டது. மணல் படக்கூடாத செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வருவதன் தாற்பரியத்தை நான் விசாரிக்கவில்லை. மச்சாள் தூர தேசத்திலிருந்து வந்தவள். வான் சாரதி எல்லோருக்கும் முன்னதாகவே சேட்டைக் கழற்றி, திறப்பை என் கையில் வைத்து, "ஐயா இருக்கிறீங்கதானே" என்று சொல்லிவிட்டுக் கடலில் பாய்ந்தார்.

மாமி மாத்திரம் அவசரப்படவில்லை. கையிலிருந்த காப்புகளைக் கழற்றிக் கைலேஞ்சியின் மூலையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு, என்னைப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து, காப்புகளை எண்ணி, மீண்டும் முடிந்து, "மருமகன், மறுகா தாங்க" என்று ஒப்படைத்தார். அவர் கணுக்காலுக்கு மேல் நனையமாட்டார். 2004 மார்கழி 26க்குப் பிறகு எந்தக் கடலுக்கும் அவர் முதுகைக் காட்டியதில்லை. பிள்ளைகள் கும்மாளம் அடித்த நேரம் முழுவதும் அடிவானத்தைப் பார்த்தபடியே அசையாமல் நின்றார். அவரைப் பகிடி பண்ண எனக்கு மனமில்லை. உண்மையான காவல் அவருடையதுதான்.

என்னுடையது செருப்பும் தொலைபேசியும். தொலைபேசிகள் ஒரு குவியலாய்க் கிடந்து மாறி மாறி அலறின. மச்சினனுடையது ஓயாமல் அடிக்க, 'கராஜ் பாஸ்' என்று பெயர் தெரிகிறதே, வாகனத்துக்கு என்ன அபாயமோ என்றெண்ணி எடுத்தேன். கராஜ் பாஸின் குரல் மிகவும் இனிமையான பெண் குரலாயிருந்தது. அன்று முதல் மச்சினன் என்னை அத்தான் என்று அழைக்கும்போது ஒரு விசேஷ மரியாதை தொனிக்கிறது. காகங்கள் சோற்றுப் பார்சல்களை நோக்கி ஒவ்வோர் அடியாக நெருங்க, மஞ்சள் நாயொன்று எனக்கு உதவியாகப் படுத்துக்கொண்டது. கோழிக்கறிச் சட்டியின் பக்கமாகப் படுத்தபடியால் அதன் உதவியையும் காவல்செய்ய வேண்டியதாயிற்று.

காவல் இருப்பவன் முகத்தில் ஒரு லட்சணம் வந்துவிடும் போலும். முன்பின் அறியாத இளைஞர் கூட்டமொன்று, "அங்கிள், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று தங்கள் பைகளை என் படங்கின் ஓரத்தில் போட்டுவிட்டுப் போயிற்று. அறியாதவர்களின் பையைப் பார்த்துக்கொள்வது இந்த நாட்டில் விவேகமான காரியமா என்று யோசிப்பதற்குள் அவர்கள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்கள், அதாவது, குந்தியிருந்தார்கள். பக்கத்துப் பாயில், பொலன்னறுவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் செருப்புகளுக்கு நடுவே என்னைப் போலவே ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை. ஆயினும் எங்களுக்கிடையே பேச்சு அவசியப்படவில்லை. அவர் தம் முன்னால் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், நான் என்னுடையவற்றைப் பார்த்தேன், இருவரும் பெருமூச்சு விட்டோம். இந்தத் தேசத்தின் இன ஐக்கியத்துக்காகக் கொழும்பில் நடக்கும் மாநாடுகள் சாதியாததை இரண்டு பாய்களும் ஒரு வெயிலும் சாதித்துவிட்டன என்று நான் உள்ளம் குளிர்ந்திருந்த அந்தச் சமயத்தில், அவர் எழுந்து சாறத்தை மடித்துக் கட்டி, "பொட்டக் பலன்ன, மாத்தயா" என்று தம் செருப்புக் குவியலைச் சுட்டிக்காட்டிவிட்டு நேரே கடலுக்குப் போய்விட்டார். இரண்டு இனத்தின் செருப்புகளுக்கும் நான் ஒருவன் காவலானேன்.

நான் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்தச் செருப்புகளை எவன் திருடுகிறான்? செருப்புத் தொலைகிற இடம் கோவில். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோவிலுக்குப் போய் வெறுங்காலோடு திரும்பிய பக்தர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருவன். அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈசுவரன் பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாகப் போகிறார்கள். பாசிக்குடாவில் செருப்பைப் பறிகொடுத்த ஓர் ஆத்மாவை இன்றுவரை நான் சந்தித்ததில்லை, அங்கே மாத்திரம் மருமகன் வேண்டியிருக்கிறது. அங்கால் விடுதிகளின் பக்கம் பாருங்கள். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு வரிசையாக எழும்பிய அந்த விடுதிகள் குடாவின் பெரும்பாகத்தையும் முகப்பாக்கிக்கொள்ள, ஊர்ச் சனமும் பஸ்ஸில் வந்த சனமும் எஞ்சிய துண்டு மணலில் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு அதில் மனஸ்தாபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அங்கே தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் சாய்மனைக்கு அடியில் செருப்பை உதறிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குள் போகிறார். திரும்பி வரும்போது செருப்பு போட்ட இடத்தில் கிடக்கிறது. அவருக்கும் மாமனார் வீடு இருக்கத்தான் செய்யும்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் விரல் நுனி சுருங்கிக் கரையேறி, இறால் பொரியலைத் தேடி, "நீங்க குளிக்கல்லயா? நல்ல தண்ணி, வந்திருக்கலாமே" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டது என் மனைவி. உப்புக் கழுவுவதற்கு வாளித் தண்ணீருக்குக் காசு கொடுத்தவனும் நானே; உடம்பில் ஒரு துளி உப்புப் படாதவனும் நானே. போதாக்குறைக்கு, பெரிய சப்பாத்து ஒன்றின் சோடியைக் காணவில்லை என்று என்னிடம் விளக்கம் கோரப்பட்டது. அது வானுக்குள்ளேயே கிடந்தது.

அதிகாரிகளுக்கான யோசனைக்கு இனி இடமில்லை. அடுத்த போயாவுக்குப் பாசிக்குடா போகிறவர்களை மாத்திரம் வணக்கமாய்க் கேட்டுக்கொள்கிறேன்: செருப்புகளை வானுக்குள்ளே கழற்றிப் போட்டுப் பூட்டிவிடுங்கள். மணல் சுடும்தான், எட்டி நடந்தால் தண்ணீர் வந்துவிடும். திறப்பு சாரதியிடமே இருக்கட்டும். அவர் கடலில் இறங்குவதில்லை என்பதை வான் கூலி பேசும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.