சம்பந்திக்குப் பயந்து ரசிகனானேன்

ஓவியம் பற்றிக் கருத்துச் சொல்ல என்னிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு’ என்பது பிடித்த படத்துக்கு. ‘இதை எங்க வீட்டுக் குழந்தைகூடக் கிறுக்கும்’ என்பது புரியாத படத்துக்கு. இரண்டிலும் சேராததற்கு, ‘என்ன விலை?’ கணக்குப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுக்கு இதற்கு மேல் கலையறிவு தேவைப்படவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை.

வாய்த்த சம்பந்தி ஓவிய ரசிகர். படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ‘ம்ம்ம்...’ என்பார். அது பாராட்டா பரிதாபமா என்று வரைந்தவருக்கே தெரியாது. “ஞாயித்துக்கிழமை ஒரு கண்காட்சி இருக்கு சம்பந்தி, நீங்களும் அவசியம் வரணும்” என்று அவர் போனில் அழைத்தபோது, சீர்வரிசையில் எதையோ குறைத்துவிட்டவனைப் போல எனக்கு வியர்த்துவிட்டது.

மருமகன் இரகசியமாகச் சில புத்தகங்கள் கொடுத்தார். எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக்கல்வியாளர் நம்மைப் போன்றவர்களுக்கென்றே நாலு படிகள் கட்டிவைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல். அதெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று பார். அப்புறம்தான் அர்த்தம். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு கடைசி. நாமோ பெண் பார்க்கப் போனாலும் சினிமாவுக்குப் போனாலும் தீர்ப்பைக் கையோடு எடுத்துக்கொண்டே கிளம்புகிறவர்கள். ஆனாலும் முதல் படி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கிடங்கில் சரக்கு சரிபார்ப்பது போலத்தானே! இருப்பதை எண்ணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதுதான். இதற்கா பயந்தேன்?

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“பூஜை ரூம்ல லட்சுமி படம் இருக்கே, அதுல எத்தனை யானை?”

“ரெண்டு.”

“போய்ப் பாருங்க.”

ஒன்று. தும்பிக்கையில் மாலையைத் தூக்கிக்கொண்டு, நான் தினமும் கும்பிடும் அதே இடத்தில் ஒற்றை யானை நின்றுகொண்டிருந்தது. ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து, அரண்மனையில் தொங்கிய ஓவியங்களைச் சாமானியர் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு லட்சுமியும் அந்த வழியில் வந்தவள்தான். வந்து என்ன, கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறோமே!

புத்தகத்தில் அடுத்து கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-ல் நகருக்கு வெளியே கடலோரமாகச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இந்த வரவு செலவு எனக்கு உடனே புரிந்தது. படங்கள்தான் புரியவில்லை.

‘சொற்களும் குறியீடுகளும்’ என்று அவர் ஒரு வரிசை வரைந்திருக்கிறார். கட்டம் கட்டமாகக் கோடுகள், விநோதக் குறிகள், பொடிப் பொடியாக எழுத்துகள். பார்த்த மாத்திரத்தில், ‘இது ஜாதகம்!’ என்று கூவினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு லக்னத்தைத் தேடினேன். எழுத்தைத் தமிழ் என்று நினைத்துப் படித்தேன், வரவில்லை. மலையாளம் என்று முடிவு கட்டிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒருவேளை தெலுங்காக இருக்கும் என்றார். கடைசியில் புத்தகமே சொன்னது: ஜாதகக் கட்டங்களைப் பார்த்துப் பிறந்த யோசனைதான், ஆனால் அந்த எழுத்தை எந்த மொழியிலும் படிக்க முடியாது.

“உங்க ஜாதகத்தையும் எங்கப்பா இப்படித்தான், படிக்க முடியாமலே பொருத்தம்னுட்டார்” என்றாள் மனைவி.

ஆனால் ஒன்று. படிக்கும் முயற்சியைக் கைவிட்டபின் அந்தப் படம் வேறாகத் தெரிந்தது. எங்கே எழுத்து நெருக்கியடிக்கிறது, எங்கே ஆள் நடமாட்டமே இல்லாமல் நிறம் மட்டும் பரந்து கிடக்கிறது என்றெல்லாம் கண் தானாகவே போய்வர ஆரம்பித்தது. இதைத்தான் இரண்டாம் படி என்கிறார்கள்போல. அங்கேயே நின்றுவிட்டேன். மூட்டு வலிக்காரன் ஒரே நாளில் நாலு படி ஏற வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஞாயிறு வந்தது. முதல் அறையிலேயே ஆளுயரத்துக்கு ஒரு படம். உருவம் என்று எதுவும் இல்லை, நிறங்கள்தான். சம்பந்தி கையைப் பின்னால் கட்டினார், தலையைச் சாய்த்தார். ‘ம்ம்ம்’ வருவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். “இடது ஓரம் நீலம். கீழே சாம்பல். வலப்பக்கம் மேலே ஒரு மஞ்சள் பொட்டு” என்று இருப்பைப் படித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ‘அதுதான் தெரியுதே’ என்று எழுதியிருந்தது. அதை எந்த மொழியிலும் படிக்க முடிந்தது.

அப்போது மனைவி என் காதில் சொன்னாள்: “அந்த மஞ்சளை மட்டும் கையால மறைச்சுப் பாருங்க. படமே படுத்துடும்.” மறைத்தேன். படம் உண்மையிலேயே படுத்துவிட்டது. கையை எடுத்தேன், நீலமெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவளுக்கு ஃபெல்ட்மன் எதற்கு?

தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சம்பந்தியிடம் என் கருத்தாகச் சொன்னேன். அவரும் கையால் மறைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப மறைத்தார். “பிரமாதம் சம்பந்தி! நாப்பது வருஷமாப் படம் பார்க்கிறேன், இது எனக்குத் தோணலையே!”

“இவரு எப்பவுமே இப்படித்தான் அண்ணா, உன்னிப்பாப் பார்ப்பாரு. யானையைக்கூட எண்ணுவாரு” என்றாள் என் மனைவி.

உங்களுக்கும் ஒரு சம்பந்தி வாய்க்கலாம், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. பணிக்கருக்கு ஆசிரியராகவும் அதே கல்லூரியில் அவருக்கு முந்தைய முதல்வராகவும் இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவினார்கள். பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். எத்தனை பேர் அந்தப் பாறையைப் பெயர்க்கிறார்கள்? நாலு பேர். ஒரு மாலை இறங்கிப் போய், யார் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சுற்றிவந்து பாருங்கள். கட்டணம் கிடையாது. ‘என்ன விலை?’ என்று கேட்கவும் அங்கே வழியில்லை.