கிரேக்க மணமுள்ள ஸ்டேக் சாண்ட்விச்: ஒரு மெல்பர்ன் கடிதம்

ஊரிலுள்ள பெரியோர்க்கும் உற்றார்க்கும் மெல்பர்னிலிருந்து எழுதப்படும் இக்கடிதம், தொலைபேசியில் வாரந்தோறும் கேட்கப்படும் "இன்றைக்கு என்ன சமையல்?" என்னும் வினாவுக்கு விடை கூறும் பொருட்டு எழுதப்படுவது. அவ்விடை "கிரேக்கப் பாணி ஸ்டேக் சாண்ட்விச்சும் சிப்ஸும்" என ஒரே வரியில் சொல்லப்படக்கூடியதே எனினும், சொன்ன மாத்திரத்தில் மறுமுனையில் பேச்சு நின்று, பின்னர் "அப்படியானால் சோறு வைக்கவில்லையா?" என்ற துணைவினா எழுவதும், அதைத் தொடர்ந்து உடல்நலம், வேலை, இல்லற அமைதி ஆகியவை குறித்த ஐயங்கள் ஒவ்வொன்றாக எழுவதும் வழக்கமாதலின், இப்பண்டத்தின் வரலாற்றையும் செய்முறையையும் முறைப்படி விளக்குவதே இரு தரப்புக்கும் நன்று. ஸ்டேக் என்பது தடித்த வில்லையாக அறுத்து, குழம்பில் இடாமல் நேரடியாகச் சூட்டில் வாட்டப்படும் இறைச்சி. சிப்ஸ் என்பது ஊர்க் கடைகளில் பொட்டலத்தில் விற்கும் மெல்லிய வறுவல் அன்று. விரல் பருமனில் நீளவாக்கில் அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு.

கிரேக்க நாட்டுக்கே சென்று இப்பண்டத்தைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். அங்குத் தெருக்கடைகளில் பெருவழக்காக விற்பவை இரண்டு. ஒன்று சூவ்லாக்கி, அதாவது சிறு குச்சியில் கோத்துத் தணலில் வாட்டிய இறைச்சித் துண்டுகள். மற்றொன்று யீரோஸ், அதாவது நிமிர்ந்த கம்பியில் அடுக்கடுக்காகக் கோத்த இறைச்சியை நெருப்பின் முன் சுழலவிட்டு, வெந்த புறப்பகுதியைச் சீவிச் சீவி எடுப்பது. இரண்டிலும் பன்றியும் கோழியுமே மிகுதி. மாட்டிறைச்சி ஸ்டேக்கை ரொட்டிக்குள் வைத்து உண்பது அந்நாட்டின் தெருவழக்கம் அன்று. எனவே, "கிரேக்கப் பாணி" என்னும் அடைமொழி கிரேக்க நாட்டைக் காட்டிலும் கிரேக்கர் குடியேறிய நாடுகளையே பெரிதும் சுட்டுகிறது எனல் பொருந்தும். அந்நாடுகளுள் ஆஸ்திரேலியாவுக்கு இப்பண்டத்தின்மீது தனியுரிமையே உண்டு.

இதற்கான காரணம் வரலாற்றில் உள்ளது. மெல்பர்னில் கிரேக்கர் சங்கம் 1897ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது எனினும், அவர்கள் பெருந்திரளாக வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், குறிப்பாக 1952இல் இரு நாடுகளுக்கிடையே குடியேற்ற உடன்பாடு ஏற்பட்ட பின்னரே. அதற்கும் முன்பாக வந்தவர்கள் நாட்டின் சிற்றூர்கள்தோறும் உணவகங்களை நடத்தினர். சிட்னியின் மார்ட்டின் பிளேஸ் பகுதியில் 1932இல் திறக்கப்பட்டு, பால் பானங்களை நின்றபடியே அருந்தும் "மில்க் பார்" என்னும் கடைவகைக்கு முன்மாதிரியான கடையை நடத்தியவரும் ஒரு கிரேக்கரே. யோவாகிம் தவ்லாரிதிஸ் என்னும் இயற்பெயரை மிக் ஆடம்ஸ் எனச் சுருக்கிக்கொண்டவர் அவர். பெயரைச் சுருக்கும் இக்கலையில், அலுவலகத்தில் "சுப்பு" எனவும் "பாலா" எனவும் அழைக்கப்படும் இக்காலத் தமிழர்க்கு அவரை முன்னோடி எனக் கருதுவதில் தவறில்லை. இக்கடைகளில் நிகழ்ந்த வேடிக்கை யாதெனில், கிரேக்கர் நடத்திய அவற்றில் கிரேக்க உணவு பெரும்பாலும் விற்கப்படவில்லை. ஆங்கிலேய வழிவந்த வாடிக்கையாளர் கேட்டது ஸ்டேக்கும் முட்டையும் சிப்ஸுமே. ஆதலால் பல்லாண்டுக் காலம் கிரேக்கர்கள் பிறர்க்காக ஸ்டேக்கை வாட்டிக்கொண்டே இருந்தனர். எலுமிச்சையும் பூண்டும் ஓரிகானோ என்னும் மூலிகையும் கடையின் முன்பகுதிக்கு வருவதற்கு, அவற்றைக் கண்டு முகஞ்சுளிக்காத ஒரு தலைமுறை வாடிக்கையாளர் தோன்ற வேண்டியிருந்தது. இன்றைய கிரேக்கப் பாணி ஸ்டேக் சாண்ட்விச், அவ்வுணவகங்களின் அடுப்பும் அவற்றின் பின்கட்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில் பிறந்தது என்பதே இக்கடிதத்தின் துணிபு.

தமிழர்க்கு இதனுடன் ஏற்பட்ட தொடர்பு ரயில் வழியாக வந்தது. நகரின் தென்கிழக்கே கிளேட்டன், டாண்டெனாங் முதலிய பகுதிகளில் தமிழர் பலர் வாழ்கின்றனர். அவ்விடங்களுக்குச் செல்லும் ரயில், கிரேக்கரின் கடைவீதியாகிய ஓக்லியைக் கடந்தே போகும். மாலையில் பசியோடு வீடு திரும்புவோர் அந்நிலையத்தில் இறங்கி, ஈட்டன் மால் என்னும் நடைவீதியில் வாட்டும் இறைச்சியின் மணத்துக்கு ஆட்பட்டு, இரண்டொரு மாதங்களில் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே செய்தால் என்ன என்ற முடிவுக்கு வருதல் இயல்பு. மாட்டிறைச்சி உண்ணாத இல்லங்கள் ஆட்டின் முதுகுத்தசையைப் பயன்படுத்துகின்றன. மெல்பர்ன்வாழ் கிரேக்கரும் ஆட்டிறைச்சியை மிக விரும்புவதால் இம்மாற்றத்தால் பண்டத்தின் கிரேக்கத்தன்மை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. காரம் டவுன்ஸ் சிவா-விஷ்ணு கோயிலுக்குச் செல்லும் நாள்களில் ஹலூமி என்னும், சூட்டில் உருகாத சைப்ரஸ் நாட்டுப் பாலாடைக்கட்டி இறைச்சியின் இடத்தை ஏற்கிறது.

இறைச்சி சமைக்கும் முறையில்தான் ஊர் வழக்கத்துக்கும் இதற்குமிடையே பெரும்பிளவு தோன்றுகிறது. குக்கரின் விசிலை எண்ணி இறைச்சியின் பதத்தை அறிந்த பரம்பரைக்கு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டும் வாட்டி எடுப்பது பொறுப்பற்ற செயலாகத் தோன்றும். எனினும் இதன் பின்னே ஓர் ஒழுங்கு உண்டு. இறைச்சியின் புறப்பகுதி ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் சூடேறும்போது அதிலுள்ள புரதக்கூறுகளும் சர்க்கரைக்கூறுகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன; 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ஈரமான பரப்பு, அதிலுள்ள நீர் ஆவியாகி முடியும்வரை 100 பாகையைத் தாண்டாது. ஆகவே கழுவிய இறைச்சியைச் சொட்டச் சொட்டச் சட்டியில் இடுவோர்க்குக் கிடைப்பது வேகவைத்த சாம்பல்நிறத் தசையே. ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, ஓரிகானோ, சிறிதளவு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறியபின், காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் போக்கி, உப்பிட்டு, புகையத் தொடங்கும் இரும்புச் சட்டியில் இடுவது முறை. எலுமிச்சையில் இரவு முழுதும் ஊறவிட்டால் அதன் புளிப்பு தசையின் மேற்பரப்பைச் சிதைத்து மாவுபோல் ஆக்கிவிடும். சாற்றின் பெரும்பகுதியை வாட்டிய பின்னர் பிழிவதே தக்கது.

ஓரிகானோவைப் பற்றி ஊரார் அஞ்சத் தேவையில்லை. அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்னும் பொருளே வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லியிலும் மிகுந்துள்ளது. அதற்கு மிக நெருங்கிய உறவான தைமால் ஓமத்தில் உள்ளது. சளிக்குக் கஷாயமாகக் கொடுக்கப்பட்டபோது ஓடி ஒளிந்த அதே மணத்தை, வளர்ந்தபின் விலை கொடுத்து இறைச்சிமேல் தூவி உண்பதை நாகரிகம் என்பதா வினைப்பயன் என்பதா என்பது ஆராயத்தக்கது.

வாட்டிய இறைச்சி ஐந்து நிமிடமாவது பலகையில் ஓய்வு கொள்ள வேண்டும். உடனே அறுத்தால் சாறு மிகுதியாக வெளியேறிவிடும். அச்சாற்றின் சிவப்பைக் கண்டு விருந்தினர் திடுக்கிடுவதுண்டு. அது குருதியன்று, தசைக்குள் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர் என விளக்கினால், பெரியோர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தம் பங்கை மறுபடியும் சட்டியில் இடுமாறு கூறுவர்; அவ்வாறே செய்வது குடும்ப நலனுக்கு உகந்தது. அறுக்கும்போது தசைநார்கள் ஓடும் திசையைக் கண்டறிந்து அதற்குக் குறுக்கே மெல்லிய சீவல்களாக அறுக்க வேண்டும். நார்வாக்கில் அறுத்தால், ஒரு கடியில் ரொட்டிக்குள் இருக்கும் இறைச்சி முழுவதும் உருவிக்கொண்டு வந்து சட்டைமேல் விழும். இவ்வேலைக்கு மேனாட்டுக் கத்திகளைவிட அருவாமனையே சிறந்தது. ஆனால் அதன்மேல் அமர்வதற்குரிய தரை இங்கு முழுவதும் கம்பளம் விரிக்கப்பட்டுக் கிடக்கிறது.

புகை பற்றிய எச்சரிக்கை இவ்விடத்தில் தேவைப்படுகிறது. மெல்பர்ன் வீடுகளின் கூரையில் புகையுணர் கருவி பொருத்தப்பட்டுள்ளது; தாளிக்கும் கடுகின் வெடிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் அது, ஸ்டேக்கைப் பொறுப்பதில்லை. கருவி அலறும்போது வீட்டில் ஒருவர் நாற்காலிமேல் ஏறித் துண்டை வீசுவதும், மற்றொருவர் சன்னல்களைத் திறப்பதும் சமையலின் ஒரு படியாகவே ஆகிவிட்டன. அடுக்குமாடியில் வாழ்வோர் பதற்றத்தில் பொதுநடைவழிக் கதவைத் திறந்துவிட்டால் கட்டடம் முழுவதற்குமான மணி அடித்து, தீயணைப்பு வண்டியே வந்து சேரும். இதனாலேயே அறிவுடையோர் பின்கட்டில் எரிவாயு அடுப்பை வைத்து அங்கேயே வாட்டுகின்றனர்.

சிப்ஸுக்கு வருவோம். உருளைக்கிழங்கு கிரேக்கர்க்கும் வந்தேறிப் பயிரே. விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் ஆளுநராக 1828இல் பொறுப்பேற்ற கபோதிஸ்திரியாஸ், அதை மக்கள் ஏற்காததைக் கண்டு, குவியலைச் சுற்றிக் காவலரை நிறுத்தி, திருடுவோரைக் கண்டுகொள்ள வேண்டாமென ஆணையிட்டார் என்றும், காவல் இருப்பதாலேயே அது உயர்ந்த பொருள் எனக் கருதி மக்கள் இரவோடிரவாக அள்ளிச் சென்றனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, இன்று கிரேக்கர்கள் சிப்ஸைத் தட்டின் ஓரத்தில் வைப்பதோடு நில்லாமல் ரொட்டிக்குள்ளேயே இறைச்சியோடு சேர்த்துச் சுருட்டுகின்றனர். கிரேக்க நாகரிகம் உலகுக்கு அளித்த கொடைகளுள் வடிவியலுக்கு அடுத்த இடத்தை இதற்கே தரலாம். மண் ஒட்டியபடியே விற்கப்படும் செபாகோ என்னும் வகையை அரிந்து, நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைப் போக்கி, நன்கு துடைத்து, முதலில் 150 பாகையில் நிறம் மாறாமல் வேகும்வரை பொரித்து எடுத்து ஆறவிட்டு, பின்னர் 185 பாகையில் மொறுமொறுப்பாகப் பொரித்தல் வேண்டும். ஒரே தடவையில் பொரித்தால் வெளியே கருகி உள்ளே வேகாதிருக்கும். மேலே உப்பு, ஓரிகானோ, உதிர்த்த ஃபெட்டா ஆகியவற்றைத் தூவலாம். ஃபெட்டா என்பது உப்புநீரில் ஊறிய வெண்மையான பாலாடைக்கட்டி; 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், கிரேக்கத்தில் செம்மறிப்பாலைக் குறைந்தது 70 விழுக்காடு கொண்டு, எஞ்சியதை வெள்ளாட்டுப்பாலால் நிரப்பிச் செய்ததற்கே அப்பெயர் உரியது. ஆஸ்திரேலியர் பசும்பாலில் செய்ததையும் கூச்சமின்றி அப்பெயராலேயே விற்கின்றனர். உள்ளூரார் சிப்ஸுக்குத் தூவும் "சிக்கன் சால்ட்" என்னும் மஞ்சள் உப்பு, 1970களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் கோழி வாட்டும் கடையொன்றில் பிறந்தது. அதன் பல வகைகளில் கோழி அறவே இல்லை என்னும் செய்தி சைவர்க்கு ஆறுதலளிக்கும்.

அடுத்தது ஸாட்ஸிகி. தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து, அதில் துருவிப் பிழிந்த வெள்ளரி, பச்சைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், சிறிது வினிகர் சேர்த்தால் அது ஆயிற்று. தாளிக்க மறந்த வெள்ளரிக்காய்ப் பச்சடி என அதை ஊரில் எவரும் இனங்கண்டுகொள்வர். கைப்பழக்கத்தில் கடுகும் கருவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிடும் இல்லங்களும் உண்டு. சுவையில் குறையில்லை எனினும் கிரேக்க அண்டை வீட்டார்க்கு அதைத் தருவதற்கு முன் இருமுறை யோசிப்பது நலம்.

ரொட்டியைப் பொறுத்தவரை, எண்ணெய் தடவிச் சட்டியில் சூடாக்கிய, பை இல்லாத தடித்த பிட்டாவே முறையானது. இங்குள்ள உணவகங்கள் ஸ்டேக் சாண்ட்விச்சுக்குப் பெரிதும் பயன்படுத்துவது துருக்கி ரொட்டி. கிரேக்கப் பாணி இறைச்சியைத் துருக்கி ரொட்டியில் வைப்பதன் அரசியல் விளைவுகளை ஓக்லியில் உரக்க விவாதிக்காதிருத்தல் நன்று. உறைநிலைப் பரோட்டாவில் சுருட்டியோர், அடுக்கடுக்காகப் பிரிந்த அது ஸாட்ஸிகியைத் தாங்கமாட்டாமல் ஒழுகுவதைக் கண்டு கைவிட்டனர்.

உண்ணும் முறையில் ஒரு பண்பாட்டுச் சிக்கலும் உண்டு. கையால் உண்பது தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் இதைப் பிடிக்க இரண்டு கைகளும் தேவை. இடக்கையை உணவில் படவிடாது வளர்க்கப்பட்ட பெரியோர் வலக்கையால் மட்டும் இதைத் தூக்க முயன்றதால், சிப்ஸ் முழங்கை வழியே வெளியேறிய நிகழ்ச்சிகள் உண்டு. கீழ்ப்பகுதியைக் காகிதத்தால் இறுகச் சுற்றிக் கொடுப்பதே இதற்குக் கண்டறியப்பட்ட ஒரே தீர்வு.

ஆகவே கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில், இங்கு வரவிருக்கும் உறவினர்க்கு ஒரு வேண்டுகோள்: ஓமமும் கருவேப்பிலையும் சுமந்து வரவேண்டா, அவை இங்கேயே கிடைக்கின்றன. தயிர் வடிப்பதற்கு நல்ல மல் துணி இரண்டு முழமும், பழைய அருவாமனை ஒன்றும் போதும். அருவாமனையைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்க வேண்டும். அதன் அடிப்பலகை மரமாகையால், விமானத்தில் கொடுக்கப்படும் வருகை அட்டையில் மரப்பொருள் கொண்டுவருவதாகக் குறிப்பிட்டுவிட வேண்டும்.