தகடூர் மண்ணில் குதிரைத் தடம்: வாசகர் கேள்வி–பதில்

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவில் பழைய போர்க்களத்தைக் குதிரையேறிச் சுற்றிப் பார்க்கிறார்களாமே? நம் தருமபுரியில் நடக்காத போரா? இங்கே ஏன் அப்படி ஒன்று இல்லை?

நீங்கள் சொல்வது பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் என்று நினைக்கிறேன். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே பெரும் சண்டை நடந்தது. மறு வருடமே, உள்நாட்டுப் போர் ஓயும் முன்பே, அந்த நிலத்தைக் காப்பாற்ற உள்ளூரில் ஒரு சங்கம் கிளம்பிவிட்டது. 1895-இல் அரசு அதை ராணுவப் பூங்காவாக்கியது. இன்று அங்கே குதிரையில் போகலாம்; ஆனால் குதிரைக்கென்று குறித்த தடத்தை விட்டு விலகக் கூடாது. முதலில் நிலத்தைக் காத்தார்கள், பிறகு தடம் போட்டார்கள், குதிரை கடைசியாகத்தான் வந்தது. நாம் ஆசைப்படும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கி, குதிரையிலிருந்து தொடங்குகிறோம்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அதியமானிடம் உண்மையிலேயே குதிரைப்படை இருந்ததா, அல்லது சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோமா?

இருந்தது. ஔவையாரே சாட்சி. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறநானூறு 97-ஆம் பாட்டில், வேல், யானை ஆகியவற்றோடு குதிரையையும் எடுத்துச் சொல்கிறார். களத்தில் பகைவரை மிதித்துச் சிதைத்ததால் அவற்றின் குளம்புகளில் கறை படிந்திருக்கிறது என்பது அவர் காட்டும் காட்சி. அவன் அரண்மனையில் இருந்து பழகியவர் சொல்வதால் அதற்கு எடை அதிகம்.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கக் குதிரை வாசம்தான். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. கொல்லிமலை வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. தன் பெயரையே குதிரைக்கும் வைத்தவர்கள் அதை எந்த இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அதியமான் காரியின் கோவலூரை வென்றான். பிறகு சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல் வந்தான். தருமபுரி, சேலம், நாமக்கல், திருக்கோவிலூர் என்று இன்று நாம் பஸ் ஏறும் ஊர்களுக்கிடையேதான் இத்தனையும் நடந்தது.

இன்னொரு பாட்டையும் தேடிப் படியுங்கள்: புறநானூறு 273, எருமை வெளியனார் பாடியது. போருக்குப் போன எல்லார் குதிரையும் திரும்பி வந்துவிட்டது. தன் கணவனைச் சுமந்து போன குதிரை மட்டும் வரவில்லை என்று ஒரு பெண் கலங்குகிறாள். பிள்ளை பெற்ற வீட்டுக்காரி அவள். குதிரையேறிப் போர்க்களம் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சேணத்தில் கால்வைக்கும் முன் அந்த ஒன்றைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒருவர்: அதியமான் தோற்றவன்தானே? தோற்றவனுக்கு ஏன் கோட்டமும் சிலையும்?

வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை "தகடூர் எறிந்த" என்ற அடைமொழியோடுதான் இலக்கியம் அடையாளம் சொல்கிறது. தோற்றவன் பெயரில் ஊரே இருக்கிறது: அதியமான்கோட்டை. ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலும் அவன் பெயர் இருக்கிறது, அதுவும் ஒரு கொடைக்காக. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: எங்கள் வயல் ஓரம் ஒரு கல்லில் குதிரை வீரன் உருவம் இருக்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமா? டூரிஸ்ட் வந்தால் பார்க்கட்டுமே?

ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து கல்லை நகர்த்தாதீர்கள்.

அமெரிக்காவில் போர்க்களத்தைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள் என்றால், நம் மாவட்டத்தில் அந்த வேலையை, பட்ட வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லான நடுகல் செய்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நடுகற்கள் அடர்ந்திருக்கின்றன. 1972-இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' வந்தபோதுதான் இந்தப் பகுதியின் அருமை பலருக்குத் தெரிந்தது. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாரின் சேவகன், ஆநிரையை மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் கல்லே சொல்லும். எடுத்தனூர்க் கல்லில், தலைவன் விழுந்த பிறகு கள்ளரைக் கடித்துக் காவல் காத்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். அரசனின் மெய்க்கீர்த்தியில் இடம் பிடிக்காத சாதாரண ஆள்களின் வரலாறு இவை.

அந்தக் கல் நிற்கிற இடம் அதில் பாதிச் செய்தி. பக்கத்தில் ஏரி இருக்கிறதா, பழைய மாட்டுவழி இருக்கிறதா, கணவாய் எந்தத் திசையில், கல் எதைப் பார்த்து நிற்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் சண்டை எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். கல்லைப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோனால் எழுத்து மிஞ்சும், களம் போய்விடும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்கள் அவசியம் பார்க்க வேண்டியவை. கேட்பாரற்றுக் கிடந்தவற்றுக்கு அது நல்ல புகலிடம். உங்கள் கல் கேட்பாரற்றதல்ல. நீங்கள் கும்பிடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வி.ஏ.ஓ.விடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள்; எழுத்து அப்போதுதான் தெளியும். எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். பெயிண்ட் அடிக்கவே வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் தலைமுறையாக வைத்துவருவது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்துள்ள பக்கத்தில் எண்ணெய் மட்டும் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அந்த வீரனின் கால் எதில் ஊன்றியிருக்கிறது என்று கவனியுங்கள். அங்கவடி செதுக்கியிருந்தால் அது காலத்தைக் கணிக்க உதவும். கால் முழுவதும் ஊன்றும் அங்கவடி, சீனத்தில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டளவில் தோன்றி, மெல்ல மெல்ல மற்ற நாடுகளுக்குப் பரவியது. சங்ககால வீரன் அது இல்லாமல் தொடையின் பிடியிலேயே குதிரை மேல் அமர்ந்து வேலெறிந்திருக்க வேண்டும்.

தருமபுரி நகரிலிருந்து ஓர் இளைஞர்: தொப்பூர் கணவாய் வழியாகத் திப்பு சுல்தான் படை போனதாமே? நண்பர்களோடு அதே வழியில் குதிரையில் போகலாமா?

போகாதீர்கள். படை போனது உண்மை. 1790 நவம்பரில், நம் தருமபுரி அடங்கிய பாராமகாலுக்குள் வந்திருந்த திப்பு, இரண்டு ஆங்கிலப் படைகளுக்கு நடுவில் சிக்காமல் தொப்பூர் கணவாய் வழியே தெற்கே நழுவினார். துரத்திய ஆங்கிலத் தளபதி மெடோஸ் பின்தங்கினார். அந்தப் போரின் வேகமே குதிரைதான். மறு வருடம் பென்னாகரம் கோட்டையை மேக்ஸ்வெல்லின் படை பிடித்தது. 1792 ஒப்பந்தத்தில் பாராமகால் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலம் அளந்து வரி வகுத்தார்கள்.

ஆனால் இன்று அந்தக் கணவாய் தேசிய நெடுஞ்சாலை. பிரேக் சூடேறிய லாரிகள் சரிவில் இறங்கும் இடம். குதிரை ஹாரன் சத்தத்துக்கு மிரண்டால் உங்கள் உயிரும் போகும், அதன் உயிரும் போகும். திப்புவுக்கு எதிரே கண்டெய்னர் லாரி வரவில்லை.

அதே இளைஞர்: அப்படியானால் ஒகேனக்கல் காட்டுப் பக்கம்?

அது யானை நடமாடும் காடு. காவிரி வடக்குச் சரணாலயத்தின் ஒரு பகுதி நம் மாவட்டத்தில் வருகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அனுமதி கிடைத்தாலும் குதிரையோடு வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி: நம் ஊர்க் கொள்ளு குதிரைக்கு நல்லது என்கிறார்களே, குதிரை வளர்க்க அது போதுமா?

போதாதும்மா. கொள்ளு வலுவுக்கு, வயிற்றுக்குப் புல்தான். ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்துக் கோடையில் அதை முதலில் யோசியுங்கள். பாண்டிய நாட்டில் வெளிநாட்டுக் குதிரைகளைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி, தீனியும் பராமரிப்பும் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்.

தீனி பற்றி நம்மிடமே அழகான சான்று உண்டு. தகடூர்ப் போரோடு சேர்த்துப் பேசப்படும் பொன்முடியார் பாடிய புறநானூறு 299-இல் உளுந்துச் சக்கை தின்ற சிற்றூர் மன்னனின் குதிரை களத்தைப் பிளந்துகொண்டு போகிறது. நெய்யிட்ட உணவு தின்ற பெருமன்னரின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எளிய தீனியும் நல்ல பழக்கமும் போதும் என்பதை அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். குதிரை வாங்கும் எண்ணம் இருந்தால் ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் வளர்ப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அன்றே வாங்கிவிடாதீர்கள்.

மொரப்பூரிலிருந்து ஒரு வாசகர்: தேசிங்கு ராஜாவின் குதிரையைவிடச் சிறந்த குதிரை உண்டா?

1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துத் தன் இருபதுகளின் தொடக்கத்திலேயே மாண்ட இளைஞனோடு சேர்த்து, அவன் குதிரையையும் நண்பன் மகபத்கானையும் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள் செஞ்சிக்காரர்கள். இந்துவும் முஸ்லிமும் குதிரையுமாக மூன்று பேர் ஒரே கதையில் வாழ்கிறார்கள். இதில் எது சிறந்தது என்று போட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை. செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: உங்களிடமே பொறுப்பைக் கொடுத்தால் தருமபுரியில் குதிரைத் தடம் எப்படி அமைப்பீர்கள்?

முதல் வருடம் குதிரையே வாங்க மாட்டேன். உங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர் ஊராக நடுகல் பட்டியல் எடுப்பேன்: சர்வே எண், திசை, பக்கத்து ஏரி, பூசை செய்யும் குடும்பம், திருவிழா மாதம். அந்தக் குடும்பங்கள் சம்மதித்த கற்கள் மட்டுமே தடத்தில் சேரும்.

பிறகு அகழ்வைப்பகத்தில் தொடங்குவேன். கல்லைப் படிக்கத் தெரியாதவரைக் குதிரையில் ஏற்றுவதில் பயனில்லை. அங்கிருந்து வண்டியில் அதியமான்கோட்டை. கோட்டத்தையும் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களையும் பார்த்த பிறகு, ஊருக்கு வெளியே ஏரிக்கரை, கேழ்வரகு வயல், மண்பாதை வழியாகக் குதிரை. ஓட்டம் கிடையாது, நடை மட்டும். நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகும். இரண்டு மணி நேரம் போதும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, காலை ஆறு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். சேணத்தோடு சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. கனமானவர்கள் மாட்டுவண்டியில் வரலாம், அதுவும் இந்த மண்ணின் வண்டிதான்.

நடுகல்லுக்கு நூறடி முன்பே இறங்கி, குதிரையை நிழலில் கட்டிவிட்டு நடந்துதான் போக வேண்டும். கதை சொல்ல அந்த ஊர்ப் பெரியவரையே அமர்த்துவேன். கட்டணத்தில் பாதி ஊருக்கு, கல்லுக்குக் கூரை போடவும் வேலி கட்டவும். மீதியில் குதிரைக்கு லாடமும் மருத்துவரும். உங்கள் பள்ளியிலேயே பட்டியல் வேலையைத் தொடங்குங்கள் சார். நோட்டும் அளவு நாடாவும் செல்போன் கேமராவும் இருந்தால் வருகிற சனிக்கிழமையே முதல் ஊரை முடித்துவிடலாம்.