மாட்டுக்கு இரண்டு கூலி

பெங்களூர் ரோட்டில் மோட்டாருக்கு முதன்முதலில் சர்வீஸ் செய்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனி பெயரைச் சொல்வார்கள். தப்பு. மாடு.

1910 வாக்கில் கன்டோன்மென்ட் துரை ஒருவர் மைசூருக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு மைல்தான். ஏற்றுகிற சாமானைப் பார்த்தால் காசிக்குப் போகிற குடும்பம் தோற்றுவிடும். பெட்ரோல் டின், ரேடியேட்டருக்குத் தண்ணீர், விளக்குக்குக் கார்பைடு கல், டியூப், ஒட்டுப்போட ரப்பர், பம்பு. இடம் மிச்சமிருந்தால் துரைசானி. பெட்ரோல் அன்றைக்கு மண்ணெண்ணெய் மாதிரி டின் சரக்கு. 1888-இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் அம்மாள் கணவரிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனபோது மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஹேண்டில் சுற்ற ஒரு கிளீனர் பையன் உண்டு. என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அது ரிப்பேர் கணக்கில் வராது.

கெங்கேரி தாண்டுவதற்குள் ‘டப்’. இறங்கிப் பார்த்தால் லாட ஆணி. அதை உதிர்த்த மாடு அரை பர்லாங் தள்ளி நின்று அசைபோட்டபடி வேடிக்கை பார்க்கும். ஒட்டுப்போட்டுக் கிளம்பி, க்ளோஸ்பேட்டைக்கு (இன்றைய ராமநகரம்தான்) இந்தப் பக்கம் ஏதாவது ஓடை மணலில் சக்கரம் புதைந்தால், இழுக்க அந்த ஜாதிதான் வரவேண்டும். பன்னிரண்டு குதிரைச் சக்தி என்று பீற்றிக்கொண்ட வண்டியை இரண்டு மாடு கரையேற்றும். வண்டிக்காரர் கேட்டதுதான் கூலி. பஞ்சரும் அவர்கள் உபயம், மீட்பும் அவர்கள் உபயம். இப்படியொரு வியாபாரத்தை எந்தக் கம்பெனியும் அதற்குப் பிறகு நடத்தியதில்லை.

ஆரம்பக் காலத்து வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயரை ரோட்டோரத்தில் நெம்பிப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். 1904-இல் வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் டேவீஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் கவ்வி மாட்டிவிட்டு ஓட்டிப்போய்விடலாம். கடை இருந்த தெரு ஸ்டெப்னி; சக்கரத்துக்கும் அதே பெயர். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லை என்றைக்கோ மறந்துவிட்டான். ஜே.சி. ரோட்டு ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் சிவாஜிநகர் குஜரியிலும் (பழைய சாமான் சந்தை) போய் ‘ஸ்டெப்னி’ என்று சொல்லிப் பாருங்கள், சக்கரம் வரும். ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் இரண்டாவது குடும்பத்துக்கும் நம்மவர்கள் அதையே சூட்டியிருப்பது டேவீஸ் சகோதரர்களுக்குத் தெரியாமல் போனது நல்லதுதான்.

எண்ணெய்க் கம்பெனிகள் ரோட்டோர சர்வீஸுக்குச் சாவகாசமாகத்தான் வந்தன. பர்மா ஷெல் உருவானதே 1928-இல். 1930-களில்தான் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வண்டி நுழைந்து திரும்ப வழியோடு நிலையங்கள் கட்ட ஆரம்பித்தார்கள். நாம் அதற்கு வைத்த பெயர் பங்க், அதாவது பெட்டிக்கடை. பீடி, வெற்றிலை, பெட்ரோல்.

ஆணியை எதிர்த்து நிஜமாகவே போர் தொடுத்தவர் மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார். காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி, பஸ் வருவதற்குள் ஆணி பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். பஸ்ஸுக்கு முன்னால் பைலட் வண்டி! மந்திரிக்குக்கூட அன்று அந்த மரியாதை கிடையாது.

அந்தக் காந்தம் பெங்களூருக்கு வர ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. 2010-களில் அவுட்டர் ரிங் ரோட்டில் வேலைக்குப் போய்வந்த ஐ.டி.காரர் ஒருவர், அடிக்கடி பஞ்சராகி நொந்து, கோலில் காந்தம் கட்டிக்கொண்டு இறங்கினார். கிலோக் கணக்கில் ஆணி சேர்ந்தது. பத்திரிகைகளில் படம் போட்டார்கள். பஞ்சர் கடைக்காரர்கள் மேல் ஊரே சந்தேகப்பட்டது. ரிங் ரோட்டு மாடுகளை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அதுகளுக்குத்தான் இப்போது லாடமே கிடையாதே.